1988 மெர்சிடிஸ் 560 எஸ்இசி: ஓட்ட ஆரம்பிக்கும் முன் எதை முதலில் தொடுவது?

நிழல்கொட்டகை

வணக்கம். வண்டி 1988 மாடல் 560 எஸ்இசி, இடப்பக்க ஸ்டீயரிங், மீட்டர் 1,92,000 கிமீ. சில வருடங்களாக அதிகம் ஓடாமல் மூடிய இடத்தில் நின்றிருக்கிறது. பெயின்டும் தோல் சீட்டும் பார்க்க நன்றாகவே உள்ளன.

தொல்லைகள் இவை. காலையில் ஒரே சாவியில் பிடிக்கிறது. ஓட்டி நிறுத்தி அரை மணி கழித்துப் போட்டால் பத்துப் பதினைந்து விநாடி சுற்றிய பிறகுதான் பிடிக்கிறது. ஸ்லோவில் (ஆக்ஸிலரேட்டர் தொடாமல் நிற்கும்போது) லேசான நடுக்கம். ஏபிஎஸ் விளக்கு அவ்வப்போது எரிந்து தானாக அணைகிறது. ஏசி போட்டாலும் காலடியில் சூட்டுக் காற்று. பின்பக்கம் மேடு பள்ளத்தில் மரக்கட்டை மாதிரி குதிக்கிறது.

எந்த வரிசையில் போவது?

ஸ்பேனர்14

தம்பி, நீங்க சொன்ன ஐந்தில் ஒன்றுகூட இன்ஜினைக் கொல்லாது. கொல்லக்கூடியது உங்க பட்டியலிலேயே இல்லை. டைமிங் செயின் கைடு ரெயில். கிராங்கையும் கேம்ஷாஃப்டையும் சேர்த்துச் சுத்தவைக்கிற செயினுக்கு வழிகாட்டுற பட்டை அது.

இந்த வண்டியோட எம்117 வி8 இன்ஜின்ல இருக்கிறது இரட்டை வரிசைச் செயின். செயின் நல்ல கெட்டி. அது உரசி ஓடுற பிளாஸ்டிக் ரெயில்தான் பலவீனம். முப்பது வருஷம் சூட்டு எண்ணெயில கிடந்தா பிளாஸ்டிக் கண்ணாடி மாதிரி நொறுங்கும். ஓட்டும் திசையைப் பார்த்து இடப்பக்க பேங்கோட (சிலிண்டர் வரிசை) மேல் ரெயில்தான் பெரும்பாலும் முதல்ல உடையும். உடைஞ்ச துண்டு செயினுக்கும் கேம் கியருக்கும் நடுவுல போச்சுன்னா செயின் பல் தாண்டும். அடுத்த நொடி வால்வு போய் பிஸ்டன்ல இடிக்கும். அதுக்கப்புறம் ஹெட்டைக் கழற்றாம வேலை இல்லை. முன்னறிவிப்பு பெரும்பாலும் கிடையாது. காலை ஸ்டார்ட்ல ரெண்டு விநாடி 'கரகர' சத்தம் வந்தா அதையே அதிர்ஷ்டம்னு எடுத்துக்கணும்.

பார்க்கிறது சுலபம். இடப்பக்க டேப்பட் கவரைக் கழற்றுங்க, முன்பக்கம் டார்ச் அடிங்க. புது ரெயில் வெளுப்பா இருக்கும். உங்களுது தேக்குப் பலகை நிறத்துக்கு வந்திருந்தா விரிசல் தெரியலைன்னாலும் மாத்திடணும். ஒரு மரக்குச்சியால ஓரத்தை அழுத்திப் பாருங்க: உயிருள்ள பிளாஸ்டிக் வளைஞ்சு கொடுக்கும், செத்தது 'டிக்'னு சொல்லும். ஏற்கனவே ஒரு துண்டு இல்லைன்னா அது சம்ப்ல (இன்ஜின் அடி எண்ணெய்த் தொட்டி) கிடக்கு. பிளாஸ்டிக் காந்தத்துக்கு வராது, சம்பைக் கழற்றித்தான் எடுக்கணும்.

அதைப் பார்த்து முடிக்கிற வரைக்கும் நீளமா ஓட்டாதீங்க. மீதி எல்லாம் காத்திருக்கும்.

எட்டுக்கட்டை

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோடு சேர்த்துச் செயின் நீட்சியையும் ஒரே கழற்றலில் அளந்துவிடுங்கள்.

எட்டு பிளக்கையும் கழற்றுங்கள், அப்போதுதான் இன்ஜின் கையால் லேசாகச் சுற்றும். கிராங்க் போல்ட்டில் 27 மிமீ சாக்கெட் போட்டு, முன்னால் நின்று பார்க்கும்போது கடிகாரத் திசையில் மட்டும் திருப்புங்கள். கேம்ஷாஃப்ட் வாஷரில் உள்ள வெட்டுக் குறி, பேரிங் தாங்கியில் உள்ள குறிக்கு நேராக வந்ததும் நிறுத்தி, கீழே கிராங்க் பாலன்சரில் முள் எத்தனை டிகிரி காட்டுகிறது என்று படியுங்கள். 0 என்றால் புதிது போல. 4, 5 வரை கவலை வேண்டாம். 10-ஐ நெருங்கினால் செயின் மாற்ற வேண்டும். குறியைத் தாண்டிவிட்டால் பின்னோக்கித் திருப்பக் கூடாது. டென்ஷனர் (செயினை இறுக்கமாக வைக்கும் பாகம்) பக்கம் செயின் தளர்ந்து அளவு பொய்யாகும், சில நேரம் பல்லே தாண்டும். கிராங்கை இன்னும் இரண்டு முழுச் சுற்று முன்னோக்கிச் சுற்றி மறுபடி வாருங்கள்.

மேல் ரெயிலை மாற்ற முன் மூடியைப் பிரிக்கத் தேவையில்லை. ரெயிலைத் தாங்கும் பின்களின் நடுவில் 6 மிமீ மரை உண்டு. ஒரு சிறு குழாய்த் துண்டு, வாஷர், நீள போல்ட், நட் போதும்: குழாயை ஹெட்டில் முட்டவைத்து நட்டை முறுக்கினால் பின் தானாக வெளியே வரும். சுத்தியலால் நெம்பினால் அலுமினிய ஹெட்டில் விரிசல் விழும். பின் திரும்பப் போகும்போது அதன் தலைக்கடியில் சீலன்ட் தடவ மறந்தால் அங்கிருந்து எண்ணெய் கசியும். வேலை தொடங்கும் முன் செயினைக் கேம் கியரோடு கேபிள் டையால் கட்டிவிடுங்கள், திறந்த வாயில் துணி அடையுங்கள். டென்ஷனரையும் அதோடு மாற்றுங்கள்.

பழையஇரும்பு

ஒரு மாற்றுக் கருத்து. 1.9 லட்சம் ஓடிய வண்டிக்கு அளவு 5 டிகிரி வந்தாலும் செயினையும் மாற்றிவிடுவதே மேல். கவர் திறந்தாகிவிட்டது. பழைய செயினின் ஒரு கண்ணியை அரைத்து எடுத்து, அதன் முனையில் புதுச் செயினைத் தற்காலிக லாக்கால் கோத்து, கிராங்கை மெல்லத் திருப்பித் திருப்பி உள்ளே இழுத்துவிடலாம். ஒரு முழு நாள் வேலை.

எட்டுக்கட்டை

மறுக்கவில்லை, ஆனால் இதை இருவர் சேர்ந்துதான் செய்ய வேண்டும். ஒருவர் கிராங்கைத் திருப்ப, மற்றவர் இரண்டு கேம் கியரிலும் செயின் பல்லை விட்டு எழாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கடைசிக் கண்ணியை ரிவெட் கருவியால்தான் அடிக்க வேண்டும். கிளிப் லாக்கோடு அப்படியே விடுவது ஆபத்து. கருவியோ துணைக்கு ஆளோ இல்லாமல் 5 டிகிரிச் செயினை மாற்றப் போய்ப் பல் தவறவிடுவதைவிட, ரெயிலும் டென்ஷனரும் மாற்றிச் செயினை விட்டுவைப்பது பத்திரம்.

இன்னொன்று, கவர் திறந்திருக்கும்போதே கேம்ஷாஃப்டுக்கு எண்ணெய் தரும் குழாயைப் பாருங்கள். அதன் பிளாஸ்டிக் இணைப்புகள் தளர்ந்தால் எண்ணெய் அங்கேயே வழிந்துவிடும், கேம் மேடு காய்ந்து தேயும். இணைப்புகளை மாற்றி, இக்னிஷனும் பெட்ரோல் பம்பும் வேலை செய்யாதபடி துண்டித்துவிட்டு ஸ்டார்ட்டரைச் சுற்றுங்கள். எட்டு சிலிண்டர், பதினாறு மேடு, ஒவ்வொன்றின் மேலும் எண்ணெய் சொட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே கவரை மூட வேண்டும்.

கம்பிச்சிக்கல்

ஏபிஎஸ் விளக்குக்கு வருகிறேன். ஸ்லோ நடுக்கமும் இதோடு சேர்ந்ததாக இருக்கலாம்.

பேட்டரிக்குப் பின்னால், ஃபயர்வால் பக்கம் ஓர் உலோக உறை ரிலே இருக்கும், தலையில் சிவப்பு நிற 10 ஆம்ப் ஃபியூஸ். அதுதான் ஓவர் வோல்டேஜ் பாதுகாப்பு ரிலே. ஏபிஎஸ் பெட்டிக்கும் இன்ஜெக்‌ஷன் கட்டுப்பாட்டுப் பெட்டிக்கும் மின்சாரம் இதன் வழியாகத்தான் போகிறது. இது விட்டுவிட்டு வேலை செய்தால் ஏபிஎஸ் விளக்கு எரியும், ஸ்லோ ஏறி இறங்கும், பிக்கப் மந்தமாகும். பலர் நேரே ஏபிஎஸ் பெட்டியை மாற்றிப் பணத்தைத் தொலைப்பது இந்த இடத்தில்தான்.

உறையின் அடி மடிப்பை நெம்பித் திறந்து, போர்டைத் திருப்பி, ஒவ்வொரு கால் சால்டரையும் பூதக்கண்ணாடியில் பாருங்கள். காலைச் சுற்றி மயிரிழை போல ஒரு வட்ட விரிசல் தெரியும், காலை விரலால் அசைத்தால் சால்டர்த் திட்டின் நடுவில் அது தனியே ஆடும். பழைய சால்டரை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாக வையுங்கள். மேலே அப்படியே தடவினால் சில மாதத்தில் மறுபடி விரியும். பெட்ரோல் பம்ப் ரிலேவுக்கும் இதே வியாதி, இதே மருந்து. சேர்த்தே பார்த்துவிடுங்கள்.

ஏசியில் சூடு வருவது மோனோ வால்வு. ஹீட்டருக்குப் போகும் சூட்டு நீரைத் திறந்து மூடுவது அது. கரன்ட் வந்தால் மூடும், கரன்ட் இல்லையென்றால் திறந்தே கிடக்கும். உள்ளே இருக்கும் ரப்பர்த் தகடு கிழிந்தால் மூட முடியாது, ஏசி எவ்வளவு குளிர்வித்தாலும் ஹீட்டர் அதைச் சூடாக்கிவிடும். நான்கு ஸ்க்ரூதான், உள் பாகம் மட்டும் தனியே கிடைக்கும். இன்ஜின் ஆறியபிறகு, கூலன்ட் மூடியைத் திறந்து அழுத்தம் இறக்கிவிட்டுச் செய்யுங்கள். பாகம் மாற்றியும் சூடு நிற்கவில்லையென்றால் வால்வு பிளக்கில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் டாஷ்போர்டின் பொத்தான் பெட்டியில் அதே சால்டர் விரிசல்தான்.

பெட்ரோல்வாசம்

சூடான ஸ்டார்ட் பிரச்சினை. இது கேஇ-ஜெட்ரானிக், பெட்ரோல் அழுத்தத்தால் ஓடும் அமைப்பு. ஓடும்போது 5 பாருக்கு மேல். நிறுத்திய பிறகும் குழாயில் ஓரளவு அழுத்தம் தங்கினால்தான் இன்ஜின் சூட்டில் பெட்ரோல் ஆவிக் குமிழி ஆகாது. கேஜ் மாட்டி, நிறுத்தி 30 நிமிடம் கழித்துப் பாருங்கள். 2.5 பாருக்குக் குறைந்தால் எங்கோ கசிகிறது. காலை ஸ்டார்ட் சரியாக இருப்பதும் பொருந்துகிறது: அப்போது குழாய் குளிர்ந்திருக்கும், குமிழி இல்லை.

கசியக்கூடிய இடம் நான்கு: பம்ப் வாயில் பெட்ரோல் திரும்பாமல் தடுக்கும் செக் வால்வு, அழுத்தத்தைத் தேக்கி வைக்கும் அக்யூமுலேட்டர், பிரஷர் ரெகுலேட்டர், இன்ஜெக்டர். முதலில் அக்யூமுலேட்டர். பம்புக்கருகில் உருளையாக இருக்கும், பின்புறம் ஒரு மெல்லிய ஓஸ். அதைக் கழற்றி, ஓஸ் முனையை அடைத்துவிட்டு, இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிடுங்கள். அக்யூமுலேட்டரின் அந்த வாயில் பெட்ரோல் வந்தால் உள்தகடு கிழிந்துவிட்டது, மேலே யோசிக்க வேண்டாம். காய்ந்திருந்தால் செக் வால்வை மாற்றுங்கள். சின்ன பாகம், பம்போடு வாங்க வேண்டியதில்லை.

நடுக்கத்துக்கு ரிலே தவிர இன்னொரு பெரிய காரணம் காற்றுக் கசிவு. இன்ஜெக்டர் உட்காரும் பிளாஸ்டிக் கூடும் அதன் ரப்பர் வளையமும் கல்லாகிவிட்டிருக்கும். இன்ஜெக்டரை விரலால் ஆட்டிப் பாருங்கள். இறுக்கிப் பிடிக்க வேண்டியது கடகடவென்று ஆடினால் எட்டையும் ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும். காற்று அளவிக்கு அடியில் உள்ள பெரிய ரப்பர் பூட், ஸ்லோ வால்வு ஓஸ் இரண்டும் கண்ணுக்குத் தெரியாத இடத்தில்தான் வெடிக்கும். புகை விட்டுப் பார்ப்பதே நம்பகமான சோதனை. சூட்டு இன்ஜின் மேல் கிளீனர் ஸ்ப்ரே அடித்துக் கசிவு தேடுவதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள், தீப்பிடிக்கும்.

இதெல்லாம் முடியும் முன் 3 மிமீ ஆலன் கீயை எடுத்து காற்று-பெட்ரோல் கலவையைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸர் ஸ்க்ரூவைத் தொடக் கூடாது. கசிவை மறைக்க மிக்ஸரைக் கூட்டினால், பிறகு கசிவை அடைக்கும்போது இன்ஜின் கறுப்புப் புகை தள்ளும். அதன்பின் எது அசல் நிலை என்று யாருக்கும் தெரியாது.

பிளக் ரெசிஸ்டர் இல்லாத செப்பு வகை, இடைவெளி 0.8 மிமீ. ரெசிஸ்டர் தொப்பியிலேயே இருக்கிறது.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், வண்டிக்கு அடியில் பம்ப் கூட்டைச் சுற்றியுள்ள ரப்பர் ஓஸ்களை வளைத்துப் பாருங்கள். வளைவில் மெல்லிய கோடுகள் தெரிந்தால் அன்றே மாற்றுங்கள். 5 பார் அழுத்தத்தில் பீய்ச்சும் பெட்ரோல் அது. என் கணக்கில் கைடு ரெயிலுக்குச் சமமான அவசரம் இதற்கு உண்டு.

ஸ்பேனர்14

பெட்ரோல் ஓஸ் பத்தி முழு சம்மதம். அதை முதல் நாள் வேலையாவே வைங்க தம்பி.

பின்பக்கக் குதிப்பு: உங்க வண்டியில தானா உயரம் சரிபண்ற ஹைட்ராலிக் சஸ்பென்ஷன் இருக்கான்னு பாருங்க. இன்ஜின் பக்கம் தனி ஆயில் டேங்க் இருந்தா அதுதான். பின்னால ரெண்டு உருண்டை இருக்கும், உள்ளே ரப்பர் சவ்வுக்கு ஒருபக்கம் நைட்ரஜன், மறுபக்கம் எண்ணெய். வாயு போயிட்டா எண்ணெய் அமுங்காது, அதனால ஸ்பிரிங்கே இல்லாத மாதிரி குதிக்கும். ஷாக் அப்சார்பர்னு நினைச்சு அதை மாத்தாதீங்க. ரெண்டு உருண்டையும் ஜோடியா மாத்தணும். வால்வுல பிளீட் ஸ்க்ரூவைத் திறந்து அழுத்தத்தை இறக்கின பிறகுதான் குழாயைத் தொடணும். அதுக்குன்னு உள்ள ஹைட்ராலிக் எண்ணெய்தான் ஊத்தணும், கியர் ஆயில் ஊத்தினா சீல் ஊதிப்போகும்.

பழையஇரும்பு

இன்ஜின் ஆயில் பற்றி யாரும் சொல்லவில்லை. ஃபில்டரோடு 8 லிட்டர். வெயில் ஊர்களுக்கு 20டபிள்யூ-50 கனிம எண்ணெய்தான் இந்தத் தலைமுறை இன்ஜினுக்குச் சரி.

எட்டுக்கட்டை

20டபிள்யூ-50 தப்பில்லை, ஆனால் 15டபிள்யூ-40-ஐயே விரும்புவேன். குளிர்ந்த இன்ஜினில் அந்தக் கேம் குழாய் வரைக்கும் எண்ணெய் சீக்கிரம் ஏற வேண்டும். பாகுத்தன்மையைவிட முக்கியம் ஜிங்க் அளவு: கேம் மேடும் ராக்கரும் உரசி ஓடும் இன்ஜின் இது, 1000 முதல் 1200 பிபிஎம் இருக்கும் எண்ணெயாகப் பாருங்கள். புதுக் கார்களுக்கான பல எண்ணெய்களில் அவ்வளவு இருக்காது.

பிரஷர் முள்ளைப் பார்த்துப் பயப்படுவோரும் உண்டு. ஓடும்போது 3-ல் ஒட்டி நிற்கும். நன்றாகச் சூடான பிறகு ஸ்லோவில் 1-க்குக் கீழே இறங்கும். மெர்சிடிஸ் குறித்த குறைந்தபட்சம் 0.3 பார்தான். ஆக்ஸிலரேட்டர் தொட்டதும் முள் சட்டென்று ஏறினால் கவலை இல்லை.

ராத்திரி நின்று காலையில் எடுத்ததும் நீலப் புகை, பிறகு நின்றுவிடுகிறது என்றால் வால்வு சீல். சிலிண்டருக்குள் காற்றழுத்தம் ஏற்றி வால்வைத் தாங்கவைத்து, ஹெட்டைக் கழற்றாமலேயே மாற்றலாம்.

நிழல்கொட்டகை

இவ்வளவு விரிவாகச் சொன்னதற்கு நன்றி அண்ணா. கியர்பாக்ஸ் பற்றி ஒரு சந்தேகம். கிளம்பும்போது இரண்டாம் கியரில் கிளம்புவது போல இருக்கிறது. மாறும்போது ஓர் உதறலும் இருக்கிறது. பாக்ஸ் போய்விட்டதா?

கம்பிச்சிக்கல்

மெல்ல அழுத்தினால் இரண்டாம் கியரில் கிளம்புவது அந்த நான்கு கியர் ஆட்டோவின் இயல்பு. முழுதாக அழுத்தினால் முதல் கியர் பிடிக்கும். அது கோளாறல்ல.

உதறலுக்கு முதலில் வேக்குவம் மாடுலேட்டர். இன்ஜின் சுமையைக் கியர்பாக்ஸுக்குச் சொல்லும் சிறு டப்பா. அதில் போகும் மெல்லிய ஓஸைப் பிடுங்கி, ஒரு வெள்ளைத் துணியில் உதறுங்கள். சிவப்புத் துளி விழுந்தால் சவ்வு கிழிந்து இன்ஜின் கியர் ஆயிலை உறிஞ்சுகிறது. ஆயில் அளவு காரணம் தெரியாமல் குறைவதும் சைலன்சரில் வெள்ளைப் புகையும் இதனால்தான். ஓஸ் காய்ந்திருந்தால் ஓஸில் விரிசலா என்று பாருங்கள். இந்தக் காரில் கதவு லாக், ஏசி மூடிகள் எல்லாமே வேக்குவத்தில் ஓடுகின்றன. டாஷ்போர்டுக்குள் ஒரு சிறு கசிவு கியர் மாற்றத்தைக் கெடுக்கும்.

ஆயில் அளவு பார்ப்பது இப்படி: ஓட்டிச் சூடாக்கி, சமதளத்தில், பி-யில், ஸ்லோவில் ஓடவிட்டு. ஸ்டிக்கில் மேல், கீழ்க் குறிகளுக்கு நடுவே 0.3 லிட்டர்தான். அரை லிட்டர் ஊற்றினால் மிகையாகிவிடும், நுரைக்கும். துடைக்கப் பஞ்சு நூல் விடாத துணி மட்டும். ஆயில் மாற்றும்போது டார்க் கன்வர்ட்டருக்கும் தனி டிரெயின் பிளக் உண்டு, இன்ஜினைத் திருப்பினால் கண்ணில் படும். அதை விட்டால் பழைய ஆயில் பாதி உள்ளேயே நிற்கும்.

அப்படியே கீழே இருக்கும்போது புரொப்பெல்லர் ஷாஃப்டின் இரண்டு முனையிலும் உள்ள ரப்பர் டிஸ்க்கைப் பாருங்கள். போல்ட் துளைகளைச் சுற்றி வெடிப்பு இருந்தால் அந்த உதறலுக்கு இதுவும் காரணம். நட்டுகள் புதிதாகத்தான் போட வேண்டும்.

பழையஇரும்பு

பெயின்ட் நன்றாக இருக்கிறது என்றீர்கள். எஸ்இசியில் பெயின்டை நம்பக் கூடாது. துரு பிடிப்பது தெரியாத இடங்களில்: பின் கண்ணாடியின் கீழ் மூலைகள், ஜாக்கி வைக்கும் துளைகள், பேட்டரித் தட்டின் அடி, பக்கவாட்டுப் பிளாஸ்டிக் பலகைக்குப் பின்புறம், முன் வீல் உறைக்குப் பின்னால் சேறு தங்கும் இடம். டிக்கி கார்ப்பெட்டைத் தூக்கிக் கையால் தடவுங்கள். ஈரம் இருந்தால் பின் கண்ணாடி பீடிங்தான். அந்தக் கண்ணாடியை எடுத்துத் தகட்டைச் சரிசெய்யாமல் மேலே சீலன்ட் அப்பினால் தண்ணீர் உள்ளேயே அடைபட்டு இரட்டிப்பு வேகத்தில் அரிக்கும்.

சன்ரூஃப் இருந்தால் அதன் ஒவ்வொரு மூலையிலும் 100 மில்லி தண்ணீர் ஊற்றி, கீழே சொட்டுகிறதா என்று பாருங்கள். அடைத்திருந்தால் மெல்லிய நைலான் கம்பி விடுங்கள். கம்ப்ரஸர் காற்று அடித்தால் உள்ளே குழாய் கழன்றுகொள்ளும், அதை மாட்ட மேற்கூரைத் துணியையே இறக்க வேண்டும்.

கதவை மூடிச் சாவி திருப்பியதும் சீட் பெல்ட்டை முன்னால் நீட்டும் கை வரவில்லை என்றால் அதைக் கையால் இழுக்காதீர்கள். உள்ளே பல் சக்கரம் பிளாஸ்டிக்.

பெட்ரோல்வாசம்

கூலன்ட் மறந்துபோனது. இந்த இன்ஜின் பிளாக்கே அலுமினியம், வெறும் தண்ணீர் ஊற்றினால் உள்ளிருந்தே அரிக்கும். கண்ணாடித் தண்ணீரும் பாஸ்பேட் இல்லாத கூலன்டும் சரிபாதி, மொத்தம் சுமார் 13 லிட்டர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை. கண்ணாடித் தண்ணீர் என்று நான் சொல்வது பேட்டரிக்கு ஊற்றும் சுத்த நீரை. ரேடியேட்டரை மட்டும் திறந்தால் பாதிதான் வடியும், பிளாக்கின் இரு பக்கமும் பிளக் உண்டு. ரேடியேட்டரின் மேல் ஓஸ் மாட்டும் பிளாஸ்டிக் கழுத்தை நகத்தால் சுரண்டுங்கள். பொடியாக உதிர்ந்தால் அது ஒருநாள் முழுதாகக் கழன்று வரும், ரேடியேட்டரை இப்போதே மாற்றுங்கள்.

நிழல்கொட்டகை

வரிசை இப்போது தெளிவு: பெட்ரோல் ஓஸ், கைடு ரெயில், கூலன்ட், பிறகு ரிலே, அக்யூமுலேட்டர், மாடுலேட்டர், மோனோ வால்வு, கடைசியில் பின் உருண்டைகள். இடையில் பாகம் வரும்வரை இரண்டு மாதம் நிற்க வேண்டியிருக்கும். அப்படி நிற்பதில் தொல்லை உண்டா?

எட்டுக்கட்டை

உண்டு. கேஇ அமைப்பின் பெட்ரோல் டிஸ்ட்ரிபியூட்டருக்குள் ஒரு பிளஞ்சர் பெட்ரோலிலேயே வழுக்கி மேலும் கீழும் போகிறது. பெட்ரோல் காய்ந்து பிசின் ஆனால் அது ஒட்டிக்கொள்ளும். ஓஸ்களை முடித்துவிட்டு, டேங்கில் ஸ்டெபிலைசர் கலந்து, அந்தக் கலவை முன்பக்கம் வரை வந்து சேரும் அளவுக்கு ஒருமுறை ஓடவிட்டுப் பிறகு நிறுத்துங்கள். வாரம் ஒருமுறை ஐந்து நிமிடம் ஸ்லோவில் வைத்து நிறுத்துவது வேண்டாம். எண்ணெய் சூடேறாது, உள்ளே தண்ணீர்தான் சேரும். பேட்டரிக்கு மெயின்டெய்னர், டயரில் வழக்கத்தைவிட 0.5 பார் கூடுதல் காற்று.

திரும்ப எடுக்கும்போது ஏர் ஃபில்டரைக் கழற்றி, காற்று அளவியின் வட்டத் தட்டை விரலால் மெல்லக் கீழே அழுத்தி விடுங்கள். போகும்போது ஒரே சீரான எதிர்ப்பும், விட்டதும் தயங்காமல் மேலே வருவதும் இருக்க வேண்டும். நடுவில் சொரசொரப்பாகப் பிடித்தாலோ, தட்டை மெல்ல மேலே விடும்போது பிளஞ்சர் கூடவே வராமல் ஒட்டி நின்றாலோ ஸ்டார்ட் பண்ண வேண்டாம். சிலிண்டரில் பெட்ரோல் நிரம்பிவிடும்.